ஹவார்ட்டி சாஸ் ஏன் திரிகிறது?

அன்புள்ள செல்வா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் ரொம்ப சந்தோஷம், என் வாழ்த்தைச் சொல். ஹவார்ட்டி சாஸ் மணல்மணலாகத் திரிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். சீஸ் மேல் குற்றமில்லை, தீதான் அதிகம்.

டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு வடக்கே இருந்த ஹவார்ட்டிகோர் பண்ணையில் 19ஆம் நூற்றாண்டில் ஹன்னே நீல்சன் என்ற பெண்மணி உருவாக்கியதாகச் சொல்லப்படும் சீஸ் இது. 1952 வரை 'டேனிஷ் டில்சிட்' என்றே விற்றார்கள். பால் திரண்டதும் சிறு கட்டிகளாக வெட்டி, பிரிந்த நீரில் ஒரு பங்கை இறுத்துவிட்டு, ஈடாக வெந்நீர் விட்டுக் கிளறுவார்கள். விஷயமே இந்தக் கழுவலில்தான் இருக்கிறது. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் குறைந்துவிடுவதால் நுண்ணுயிர்கள் அமிலமாக்க மிச்சம் அதிகமில்லை. புளிப்பு ஏறாது, கால்சியமும் அதிகம் கரையாது. அதனால்தான் செடார் சீஸ் மாதிரி உதிராமல் வளைந்து கொடுக்கிறது, சுலபமாக உருகவும் செய்கிறது.

சாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் அதே அளவு மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்துக்கொள். 250 மில்லி வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கொதித்துக் கெட்டியானதும் அடுப்பை அணை. ஒரு நிமிடம் ஆறவிட்டு, 100 கிராம் துருவலை மூன்று தடவையாகக் கலக்கு. சீஸ் விழுந்த பிறகு கொதித்தால் புரதம் இறுகிச் சுருங்கி, கொழுப்பையும் நீரையும் கக்கிவிடும். நீ பார்த்த மணல் அதுதான். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடு, சீஸிலேயே உண்டு.

துருவும்போது அப்பிக்கொள்ளும். முன்னதாக 20 நிமிடம் ஃப்ரீசரில் வை. அங்கேயே நாள்கணக்கில் விட்டால் உதிரியாகிவிடும், பிறகு சமையலுக்கு மட்டும்தான் ஆகும். பீட்சாவுக்கு இதை மட்டும் போடாதே. மொஸரெல்லா போல நூலிழுக்காது, எண்ணெய்தான் மிதக்கும். பாதிக்குப் பாதி கல. டோஸ்டுக்குத் தீயைக் குறைத்து, மூடி போட்டுச் சுடு. இல்லாவிட்டால் ரொட்டி கருகும், உள்ளே உருகியிருக்காது. டேனிஷ்காரர்கள் பெரும்பாலும் சூடே பண்ணுவதில்லை. வெண்ணெய் தடவிய கறுப்பு ரை ரொட்டியின் மேல் ஒரு வில்லை, அவ்வளவுதான். காலை பன்னில் சீஸோடு ஜாமும் வைப்பார்கள்; கேட்க விநோதம், சாப்பிட அருமை!

பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மெழுகுக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் வை. கட்டியில் பூஞ்சை தெரிந்தால் சுற்றிலும் ஆழத்திலும் இரண்டரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி எறி. துருவலில் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடு.

வெட்டினால் அரிசி மணி அளவில் ஒழுங்கற்ற சின்னத் துளைகள் தெரியவேண்டும். 'கிரீம் ஹவார்ட்டி' என்றால் கொழுப்பு கூடுதல். அது இன்னும் மென்மை, துருவ இன்னும் தொல்லை. தோலைக் கழுவிப் பக்குவப்படுத்திய பழைய வகைக்கு வாடை தூக்கலாக இருக்கும், கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதே. உங்கள் வீட்டில் சைவம் என்பதால் லேபிளில் ரென்னெட், அதாவது பாலைத் திரள வைக்கும் பொருள், எது என்று பார். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பதும் உண்டு, நுண்ணுயிரிலிருந்து எடுப்பதும் உண்டு. எந்த பாக்கெட் கிடைத்தது என்று எழுது.

அன்புடன்,
ரவி