படிவம் 30-ஐ வாய்விட்டு வாசியுங்கள்

ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 26 கிராம சபைக்கான கூட்டப்பொருள் இன்னும் சில நாட்களில் உங்கள் துறையிலிருந்து மாவட்டங்களுக்குப் போய்விடும். அதற்கு முன் இந்த மடல் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கிராம சபையில் ஒலிபெருக்கியில் வரிவரியாக வாசிக்க உத்தரவிடுங்கள்.

கணக்கு படிவம் 30-இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறதே என்பீர்கள். வைக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊரிலும் வைத்தார்கள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஷாமியானா போட்டு, அதிகாரிகள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் பின்னால் பிளக்ஸாகக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் போய் நின்று படிக்க வழியில்லை. நுழையும்போதே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். தீர்மானம் எழுதவேண்டிய பக்கங்கள் அப்போது வெறுமையாக இருந்தன. உறுதிமொழி எடுத்தோம், போட்டோ எடுத்தார்கள்.

அப்போது எங்கள் தெருப் பாட்டி ஒருவர் எழுந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தெருமுனை மினி பவர் பம்பு ஓடாமல் அப்போது நான்கு மாதம். தண்ணீருக்கு அவர் வயல்காட்டு மோட்டார் கொட்டகைவரை குடத்தோடு நடக்கிறார். "அந்த பம்பு ரிப்பேருக்கு எவ்ளோ எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்கய்யா. எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். மேசையிலிருந்து பதில் வந்தது: "மனுவா எழுதிக் குடும்மா."

படிக்கத் தெரியாது என்று சொன்னவரிடம் எழுதிக் கொடு என்றார்கள். ஐயா, அந்தப் பதிலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைவதற்குள் பிளக்ஸையும் சுருட்டிவிட்டார்கள்.

பிறகு அவருக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் நான் மனு எழுதினேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினோம். முப்பது நாள் முடியும் தறுவாயில் பதில் வந்தது: அலுவலக நேரத்தில் நேரில் வந்து பார்வையிடலாம். மூன்று முறை போனோம். ஒருநாள் கணக்கு பார்ப்பவர் மீட்டிங் போயிருந்தார், ஒருநாள் பீரோ சாவி இல்லை, ஒருநாள் ஆடிட்டுக்குப் போயிருக்கிறது என்றார்கள். பாட்டிக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லைதான். ஆனால் போன மூன்று நாளும் களைவெட்டுக் கூலி போனது. அந்தப் பணம் இனி அவருக்கு வராது. மேல்முறையீடு செய்திருக்கிறோம். பம்பு இன்னும் ஓடவில்லை.

எங்கள் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர் நிர்வாகம். வார்டு உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்கும் வழியும் அடைபட்ட பிறகு, எங்களுக்கு மிஞ்சியிருப்பது கிராம சபை ஒன்றுதான். 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு கூட்டம் என்று அரசே கூட்டித் தந்தது. அதற்கு நன்றி. ஆனால் ஆறு முறை கூடியும் கணக்கு காதில் விழாவிட்டால் அதை எப்படிக் கருத்துக் கேட்பு என்பது?

நான் கேட்பது புதிய சட்டம் அல்ல. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யாரும் கேட்காமலே தகவலை மக்களிடம் சேர்க்க வேண்டும், அதுவும் உள்ளூர் மொழியில் என்கிறது. அறிவிப்புப் பலகையோடு பொது அறிவிப்பையும் அதற்கு வழியாகச் சொல்கிறது. அந்தச் சட்டம் பிறந்த கதையே வாசிப்பில்தான் இருக்கிறது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய மக்கள் விசாரணையில், வேலைக் கணக்குகளை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள்தான் எழுந்து, "அந்த வேலை நடக்கவே இல்லை" என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு, 1997-இல், மத்தியச் சட்டத்துக்கும் முன்பே தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது நம் தமிழ்நாடு. அந்தப் பெருமையை வைத்துத்தான் உரிமையோடு கேட்கிறேன்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. தனிநபர் தகவலை எப்போது மறுக்கலாம் என்று சொல்லும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவை, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத் திருத்தி, அந்தத் திருத்தத்தை 2025 நவம்பரில் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். தனிநபர் தகவல் என்ற ஒரு சொல்லைச் சொல்லியே இனிப் பயனாளிகள் பட்டியலைக்கூட மறுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. அந்தச் சட்ட வரைவுக்கு 2022-இல் மக்களிடம் கருத்துக் கேட்டபோது, வரும் கருத்துகளை யாருக்கும் வெளியிட மாட்டோம் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். மக்கள் சொன்னதை மக்களுக்கே காட்டாமல் என்ன கலந்தாய்வு? அது மத்திய அரசின் வேலை, உங்கள் துறையுடையது அல்ல. ஆற்றாமையில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களால் முடிந்ததைக் கேட்கிறேன். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே படிவம் 30 ரேஷன் கடையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஒட்டப்படட்டும். கூட்டத்தில் கணக்கை வாசித்த பிறகு, கேள்விக்கு நேரம் விட்டு, தீர்மானத்தை எழுதி, அதையும் வாசித்துக் காட்டி, அதன் பிறகே கையெழுத்து வாங்கட்டும். எங்கள் ஊர்க் கணக்கை வாசிக்க அரைமணி நேரம்கூட ஆகாது. வாசிக்க ஆளில்லை என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நானும் வருகிறேன்.

ஜனவரி 26-க்குப் பாட்டியை மறுபடி அழைத்திருக்கிறேன். "வாசிப்பாங்களா?" என்று கேட்டார். உங்கள் சுற்றறிக்கை வந்த பிறகு அவருக்குப் பதில் சொல்கிறேன்.

பணிவுடன்,
ஒரு கிராம சபை உறுப்பினர்