ஜிஎஸ்டி முகவரிக்கு வரும் மெயில் வேறு இன்பாக்ஸில் விழுவது குறித்த புகார்

அனுப்புநர்:
வரி ஆலோசகர்,
மாட்டுங்கா, மும்பை – 400019.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் மெயில் மென்பொருளைச் சந்தா கட்டி அலுவலகக் கணினியில் பயன்படுத்துகிறேன். ஜிஎஸ்டி வேலைக்கு ஒன்று, வருமான வரிக்கு ஒன்று, சொந்த உபயோகத்துக்கு ஒன்று என மூன்று பாப் கணக்குகள் (சர்வரிலிருந்து மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை), தனித்தனி இன்பாக்ஸ்கள். போன மாத அப்டேட்டுக்குப் பிறகு ஜிஎஸ்டி முகவரிக்கு வருவதெல்லாம் சொந்தக் கணக்கின் இன்பாக்ஸில் போய் விழுகிறது.

தாராவியில் தோல் பை தைத்து விற்கும் ஒருவருக்கு, ஜிஎஸ்டி பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது. அதற்கு 7 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதிவு போனால் அவர் வரி பில் போட முடியாது. மொத்த வியாபாரிகள் சரக்கு எடுக்க மாட்டார்கள். அந்த மெயில் துணிக்கடைத் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. கெடு முடியும் தறுவாயில் அவரே போன் செய்து, "அண்ணே, போர்ட்டல்ல ஏதோ நோட்டீஸ் காட்டுதே, பாத்தீங்களா?" என்று கேட்டதால்தான் பதில் அனுப்ப முடிந்தது.

உங்கள் உதவி மையமோ, மெயிலைத் தானாகப் பிரித்து வைக்க நான் போட்ட ஃபில்டர்தான் காரணம் என்றது. ஃபில்டர்கள் எல்லாவற்றையும் அணைத்தேன், ஸ்பேம் தடுப்பையும் நிறுத்தினேன், மாற்றமில்லை. அப்புறம் மென்பொருளை மூடிவிட்டு ஜிஎஸ்டி முகவரிக்குச் செல்போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பி, பிரவுசரில் பார்த்தேன். சரியான இடத்தில் இருந்தது. மென்பொருளைத் திறந்ததும் அதே மெயில் சொந்தக் கணக்குக்குப் போய்விட்டது. ஆக, சர்வரில் கோளாறு இல்லை. கணக்கு அமைப்புகளைத் துழாவியபோது, புதிய மெயில் சேர வேண்டிய இடமாகச் சொந்தக் கணக்கின் இன்பாக்ஸே தேர்வாகியிருந்தது. அதை நான் தொட்டதே இல்லை. சரிசெய்து வைத்தால், அடுத்த சின்ன அப்டேட் வந்ததும் திரும்பவும் மாறிவிட்டது.

இதைச் சொன்னதற்கு, கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கச் சொன்னார்கள். பாப் முறையில், சர்வரிலும் பிரதி இருக்கட்டும் என்று தேர்வு செய்யாவிட்டால், இறக்கிய மெயில் அங்கிருந்து அழிந்துவிடும். இருக்கிற ஒரே பிரதி கணினியில்தான். பேக்கப் எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கணக்கை நீக்கச் சொல்வது எவ்வளவு பொறுப்பற்ற காரியம்! விவரம் தெரியாதவர் அப்படியே செய்திருந்தால் வாடிக்கையாளர்களின் காகிதங்கள் மொத்தமும் போயிருக்கும்.

அப்டேட் இந்த அமைப்பை ஏன் மாற்றுகிறது என்று எழுத்தில் விளக்கம் தாருங்கள், கோளாறைத் திருத்துங்கள், அதுவரை மற்ற வாடிக்கையாளர்களையும் எச்சரியுங்கள். கலந்துபோன மெயில்களில் பெரும்பாலானவற்றைப் பெறுநர் முகவரியை வைத்துப் பிரித்துவிட்டேன். பிசிசியில், அதாவது பெறுநர் முகவரியை மறைத்து அனுப்பும் நகலாக, வந்தவற்றில் என் முகவரியே தெரிவதில்லை. ஒவ்வொன்றின் ஹெடரையும் (மெயில் வந்த வழியைக் காட்டும் தலைப்பு விவரம்) திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை உங்கள் பொறியாளர் ஒருவர், பேக்கப் எடுத்த பிறகு, என் எதிரிலேயே செய்து தர வேண்டும். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் அவற்றில் இருப்பதால் வெளியே கொடுத்தனுப்ப மாட்டேன்.

20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத் தாக்கல் இருக்கிறது. அதற்குள் இவை நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர், மாட்டுங்கா