மரத்தை ஏன் மொட்டையடித்துத் தருகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"மொட்டை மரத்தை முழு விலைக்கு விற்கிறார்கள்" என்று எங்கள் நர்சரியைப் பற்றி ஒரு குரல் பதிவு ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். இலையில் இருந்த நோயை மறைக்கத்தான் வெட்டினோமாம். விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நோயை மறைத்தோம் என்றால் எப்படிப் பொறுப்பது?

வேம்போ புங்கமோ, வளர்ந்த மரத்தை வேரைச் சுற்றிய தாய்மண்ணோடு பெயர்த்தாலும் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி குழியிலேயே அறுந்து தங்கிவிடும். மேலே இலை மட்டும் பழையபடியே இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. கரியமில வாயுவை உள்ளே இழுக்க அவை திறந்தே ஆகவேண்டும். திறந்தால் ஈரம் ஆவியாகிப் போகும். நன்றாக வேரூன்றிய மரமே உறிஞ்சும் தண்ணீரில் 100-க்கு 90 பங்குக்கு மேல் இப்படித்தான் வெளியே விடுகிறது. வேர் அறுந்தது என்ன செய்யும்? சம்பளம் நின்ற வீட்டில் செலவைக் குறைப்பதுபோல நாங்கள் இலையைக் குறைக்கிறோம். அதுவும் முழுக்க அல்ல. புது வேர் விடுவதற்கான உணவைத் தயாரிக்கக் கொஞ்சம் இலை வேண்டும், அதை விட்டுத்தான் கத்தரிக்கிறோம்.

சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுச் செம்பருத்தியில் ஒரு கிளையைக் கண்ணாடி போன்ற பாலிதீன் பையால் மூடி, காலையில் வாயை இறுகக் கட்டுங்கள். மதியத்துக்குள் பைக்குள் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். நாங்கள் தெளித்த தண்ணீர் அல்ல அது!

வெயிலைவிட வண்டிக்காற்று மோசம். குட்டியானையில் திறந்தபடி ஏற்றினால், இலையை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை எதிர்காற்று துடைத்துக்கொண்டே போகும். வீடு சேர்வதற்குள் தளிர் தொங்கிவிடும். அரளிக்கு இந்தப் பாடு குறைவு. அதன் துளைகள் குழிகளுக்குள், மயிர்களுக்கு நடுவே ஒளிந்திருக்கின்றன. நெடுஞ்சாலை நடுத்திட்டில் அது தாக்குப்பிடிக்க அதுவும் ஒரு காரணம். மற்ற மரங்களை ஈரச்சாக்கு சுற்றி, தார்ப்பாய் போட்டு, சாயங்காலம்தான் இனி அனுப்புவோம். அதனால் வண்டி வாடகை சற்றுக் கூடும். பட்டுப்போன மரத்துக்கு மாற்று தருவதும் இந்த மாதத்தோடு நிற்கிறது.

அதே குழுவில் எங்களிடம் வாங்கிய 'மொட்டை' மரம் துளிர்த்து நிற்கும் படத்தைப் போட்டு எங்களுக்காகப் பேசியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. நாங்கள் கேட்காமலே செய்தீர்கள். அப்பா காலத்திலிருந்து வருகிறவர்கள் நீங்கள்; உங்கள் வார்த்தையால்தான் இந்த நர்சரி நடக்கிறது.

சித்திரை, வைகாசியில் பெரிய மரம் பெயர்ப்பதில்லை, வற்புறுத்த வேண்டாம். ஆயுத பூஜை முடிந்ததும் சொல்லிவையுங்கள், மழை பிடித்ததும் எடுத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நர்சரிக்காரர்