டூரோ பள்ளத்தாக்கின் சுவர்கள்: மகளுக்கு ஒரு கடிதம்

போர்ட்டோ, போர்ச்சுகல்,
அக்டோபர் 27

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் "எப்படி இருந்தது அப்பா?" என்று கேட்டபோது, "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். டூரோ பள்ளத்தாக்கை ஒரு நாள் சுற்றிப்பார்க்க மூவருக்கும் பணம் கட்டி, கடைசி நேரத்தில் அலுவலகம் அழைத்ததால் எங்கள் இருவரை மட்டும் வண்டியேற்றிவிட்டுப் போனவளுக்கு அது ஒரு பதிலே அல்ல. பேச்சில் எனக்கு வராதது எழுத்தில் ஓரளவு வரும் என்பது உனக்குத் தெரியும். ஆகவே இந்தக் கடிதம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். "ஒயின் விளையும் பள்ளத்தாக்கு" என்று நீ சொன்னபோது, குடிப்பழக்கமே இல்லாத ஒருவன் அங்கே பகல் முழுவதும் என்ன செய்யப்போகிறான் என்றுதான் நினைத்தேன். உன் மனம் நோகக் கூடாதே என்பதற்காகத்தான் புறப்பட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பொதுப்பணித் துறையில் சுவரும் மதகும் கட்டி ஓய்வுபெற்ற எனக்கு, அங்கே என்ன காத்திருக்கிறது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால், அம்மாவுக்கு முன்னால் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பேன்.

காலை எட்டு மணிக்கு எட்டுப் பேர் அமரும் சிறிய வேனில் கிளம்பினோம். நெடுஞ்சாலை கிழக்கே போகப் போக யூகலிப்டஸ் காடுகளும் கருங்கல் குன்றுகளும் மாறிமாறி வந்தன. குறுக்கே நிற்கும் மராவ் மலையைக் குடைந்து 2016-ல் திறக்கப்பட்ட சுரங்கச்சாலை 5 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. நுழையும்போது கண்ணாடியில் மூடுபனி படிந்திருந்தது. வெளியே வந்தபோது வெயில் அடித்தது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை அந்த மலை தடுத்துவிடுவதால்தான் அதற்கப்பால் உள்ள நிலம் இப்படி வறண்டு, திராட்சைக்கு உகந்ததாகிறது என்று வழிகாட்டிப் பெண் விளக்கினாள். "ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்" என்று தங்கள் பருவங்களைப் பற்றி அங்குள்ளவர்கள் சொல்லிக்கொள்வார்களாம். அக்டோபர் இறுதி என்பதால் எங்களுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. கொடிகளின் இலைகள் மஞ்சளும் செம்பும் கலந்த நிறத்தில் பழுத்துக் கிடந்தன.

முதலில் நிறுத்திய இடம் பின்யாவ் ஊருக்கு மேலே, காசல் தி லொய்வுஷ் என்னும் சிற்றூரின் ஓரத்தில் உள்ள காட்சிமுனை. கீழே டூரோ ஆறு வளைந்து கிடக்கிறது. இரு கரையிலும் மலைகள் அடிவாரத்திலிருந்து உச்சிவரை படிப்படியாக வெட்டப்பட்டிருக்கின்றன. நில அளவை வரைபடத்தில் மைதொட்டு நான் வரைந்த சமவுயரக் கோடுகளை, யாரோ மலைமேலேயே கல்லால் வரைந்துவைத்ததுபோல் இருந்தது. எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை படிகளுக்கும் சேர்த்து எத்தனை கிலோமீட்டர் சுவர் இருக்கும் என்று நான் மனத்துக்குள் கூட்டத் தொடங்கி, இரண்டாவது குன்றிலேயே கணக்கைக் கைவிட்டேன். பத்து நிமிடத்தில் வண்டிக்கு அழைத்துவிட்டார்கள். நாள் முழுவதற்குமான திட்டத்தில் எனக்கு இருந்த முதல் வருத்தம் அதுதான்.

நல்லவேளையாக, அடுத்துச் சென்ற தோட்டத்தில் சுவரைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. அங்கே தோட்டத்தைக் 'கின்டா' என்கிறார்கள். பாறை சிஸ்ட் என்னும் வகை. புத்தகத்தின் ஏடுகளைப்போல் பிளந்து பிளந்து வரும். அந்தப் பாளங்களைச் சுண்ணாம்போ சிமெண்டோ ஒரு துளிகூட இல்லாமல், கல்லுக்கு முகம் பார்த்து, இடுக்குகளில் சில்லுகளை ஆப்பாக அடித்து, மலையை நோக்கிச் சற்றே சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். சாந்து இல்லாததால் மழைநீர் சுவரின் பின்னே தேங்காமல் இடுக்குகள் வழியாகவே வடிந்துவிடுகிறது. தாங்கு சுவரைச் சாய்ப்பது மண்ணைவிடப் பெரும்பாலும் பின்னால் தேங்கும் நீர்தான் என்று நீ பள்ளியில் படிக்கும்போது மணல் குவித்து உனக்குக் காட்டியிருக்கிறேன், நினைவிருக்கலாம்.

இதில் நான் அசடு வழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய சுவரில் வரிசையாகச் சதுரத் துளைகள் இருந்தன. அம்மாவை அழைத்து, "இவை கசிவுத் துளைகள், நாங்களும் இப்படித்தான் விடுவோம்" என்று பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தேன். வழிகாட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு அருகில் வந்து, அவை திராட்சைக் கொடி நடுவதற்காக விடப்பட்ட துளைகள் என்றாள். தட்டையான படித்தளத்தைத் தானியப் பயிருக்கு ஒதுக்கிவிட்டு, கொடியைச் சுவரின் முகத்திலேயே நட்டு வளர்த்திருக்கிறார்கள். பிடி மண்ணைக்கூட வீணாக்காத அந்தச் சிக்கனத்தின் முன்னால் என் பொறியியல் கொஞ்சம் கூசியது. அம்மா வழி முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மண் என்று சொன்னேனே, அதுவும் அங்கே தானாக இருந்ததில்லை. கடப்பாரையாலும், பிற்காலத்தில் வெடிமருந்தாலும் பாறையை உடைத்து, பெரிய கற்களைச் சுவருக்கு எடுத்துக்கொண்டு, நொறுங்கியதை அதன் பின்னே கொட்டி நிரப்பியதுதான் அந்த மண். இந்த வேலைக்கு எல்லைக்கு அப்பால் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூலியாட்கள் கூட்டங்கூட்டமாக வந்திருக்கிறார்கள். பாறையின் ஏடுகளுக்கிடையே கொடியின் வேர்கள் பல மீட்டர் ஆழம் இறங்கித் தண்ணீர் தேடுகின்றன. பகலில் கல் வாங்கிவைத்த வெப்பம் இரவில் மெல்ல வெளியேறுகிறது.

ஒரே சரிவில் மூன்று காலங்களை வழிகாட்டி சுட்டிக்காட்டினாள். 1860-களில் ஃபிலாக்சரா என்னும் பூச்சி வந்து கொடிகளின் வேரை உறிஞ்சி அழித்தபோது கைவிடப்பட்ட படிகள் இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் ஒலிவ மரங்கள் நிற்கின்றன. அவற்றை 'மொர்த்தோரியு' என்கிறார்கள், செத்துப்போன தோட்டம் என்ற பொருளில். பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டபோது எழுந்தவை, சற்று அகலமான படிகளும் உயரமான சுவர்களும். மூன்றாவது, 1970-களுக்குப் பிறகு புல்டோசரால் வெட்டிய படிகள். அவற்றில் சுவரே இல்லை, வெறும் மண் கரைதான். இயந்திரம் நுழைய வேண்டும், கல் அடுக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த மண் கரைகளைப் பார்க்கும்போது ஒரு பெருமழைக்கு இவை எப்படி நிற்கும் என்றுதான் என் கண் போனது. 2001-ல் யுனெஸ்கோ இப்பகுதியின் மையமான சுமார் 24,600 ஹெக்டேரை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, இயற்கை அழகுக்காக அல்லாமல் மனிதர் உழைத்து உருவாக்கிய நிலக்காட்சி என்றே ஏற்றிருக்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சாலையோரத்தில் ஒரு கருங்கல் தூண் நின்றது. சிஸ்ட் பாறை நாட்டில் கருங்கல்லுக்கு என்ன வேலை என்று கேட்டேன். 1755-ல் நிலநடுக்கத்தால் இடிந்த லிஸ்பன் நகரை மீண்டும் எழுப்பிய அதே அமைச்சர், பொம்பால் பிரபு, மறு ஆண்டே இந்தப் பள்ளத்தாக்கின் ஒயினுக்கு எல்லை வகுத்து, அந்த எல்லையில் 300-க்கும் மேற்பட்ட தூண்களை நடவைத்தாராம். நிறம் ஏற்றுவதற்காக எல்டர்பெரிப் பழச்சாற்றைக் கலந்து விற்கும் மோசடி பெருகியதால், அந்தச் செடிகளையே பிடுங்கி எறிய உத்தரவிட்டிருக்கிறார். எல்லைக்கல் நட்டுவிட்டால் மட்டும் போதாது, உள்ளே என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று தெரிந்த நிர்வாகி!

பிறகுதான் எல்லோரும் காத்திருந்த பகுதி வந்தது. 'லகார்' என்னும் கருங்கல் தொட்டிகள் கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தன. மூன்று வாரம் முன்னதாக வந்திருந்தால் திராட்சையை மிதிப்பதைப் பார்த்திருக்கலாம். முதல் இரண்டு மணி நேரம் தோளோடு தோள் கோத்து, வரிசையாக, ஒரே தாளத்தில் காலெடுத்துவைக்க வேண்டுமாம். அதன்பின் 'விடுதலை' என்று அறிவித்ததும் இசையும் ஆட்டமும். வழிகாட்டியின் தாத்தா இப்படி மிதித்தவர். ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட கூடைகளை முதுகில் சுமந்து அந்தப் படிகளில் இறங்கியவரும்கூட. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் மனப்பாடமாக வைத்திருந்த உரையை விட்டு விலகிப் பேசினாள்.

சாறு நொதிக்கத் தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில், அதன் இனிப்பு முழுவதும் சாராயமாக மாறிவிடுவதற்கு முன்பே, 77 விழுக்காடு வலுவுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் இங்கே விளையும் போர்ட் ஒயின் இனிப்பாகவும் 20 விழுக்காட்டை ஒட்டிய வலுவோடும் இருக்கிறது. பெரிய கலங்களில் வைத்தால் சிவப்பு நிறம் நிலைக்கும். சிறிய மரக்கலங்களில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் காற்றுப் பட்டுப் பழுப்பேறும். அந்தச் சிறிய கலத்துக்கு என்ன பெயர் என்று வழிகாட்டி சொன்னதும் அம்மா எல்லோர் முன்னிலையிலும் துள்ளிவிட்டாள். 'பிப்பா'! "நம் பீப்பாய்!" என்று உரக்கத் தமிழில் கூவினாள். நாற்பதாண்டு காலம் தமிழ் கற்பித்தவள் சும்மா இருப்பாளா? ஜன்னல், அலமாரி, சாவி, மேசை என்று போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொற்களை ஒவ்வொன்றாக அவள் சொல்ல, வழிகாட்டி ஜனேலா, அர்மாரியு, ஷாவி, மேசா என்று திருப்பிச் சொல்ல, ஒயின் சுவைக்க வந்தவர்களெல்லாம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இந்த வகுப்பைக் கவனித்தார்கள்.

முன்பதிவு மூவருக்கு என்பதால் உன் கோப்பைகளும் மேசையில் வந்து நின்றன. நான் பழுப்பு ஒயினில் ஒரு வாய் மட்டும் குடித்தேன். உலர்ந்த பழமும் மரமும் கலந்த வாசம் நெடுநேரம் நாக்கில் இருந்தது. அம்மா சிவப்பைக் குடித்துவிட்டு "இருமல் மருந்து" என்று தீர்ப்பு வழங்கினாள். ஆனால் வீணாகக் கூடாது என்று உன் பங்கிலும் பாதியை முடித்துவிட்டாள். இதை நான் எழுதியதாக அவளிடம் சொல்லாதே.

மதிய உணவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சைவம் என்று நீ முன்கூட்டியே எழுதியிருந்தும் சமையலறைக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. ரொட்டி, ஒலிவம், வேகவைத்த உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு முடித்துக்கொண்டோம். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நேரத்தில் இன்னொரு தோட்டத்துச் சுவரைப் பார்த்திருக்கலாம்.

பின்யாவ் துறையிலிருந்து ஒரு மணி நேரப் படகுப் பயணம். பீப்பாய்களை ஏற்றிச் சென்ற பழைய தட்டையடி ரபேலோ படகின் வடிவில், இப்போது மோட்டார் பொருத்தி ஓட்டுகிறார்கள். தண்ணீர் ஏரியைப்போல் அசையாமல் கிடந்தது. அது ஆற்றின் இயல்பு அல்ல. 1971-க்கும் 1985-க்கும் இடையே கீழ்ப்பகுதியில் வரிசையாகக் கட்டிய ஐந்து அணைகளின் வேலை. ஒவ்வொன்றிலும் படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அறை உண்டு. கர்ராபத்தேலு அணையில் மட்டும் படகு ஏறத்தாழ 35 மீட்டர் உயர்கிறது. அதற்கு முன் இந்த ஆறு ஆளை விழுங்கும் ஆறு. இதன் போக்கை அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கிய ஃபாரஸ்டர் என்ற ஆங்கிலேய வணிகரே 1861-ல் வலேய்ரா சுழலில் படகு கவிழ்ந்து மூழ்கினார், உடல் கிடைக்கவில்லை. அதே படகில் இருந்த தோன்யா அந்தோனியா ஃபெரெய்ரா, இப்பள்ளத்தாக்கின் பெரும் தோட்ட உரிமையாளர், தம் அகன்ற பாவாடை மிதவையானதால் பிழைத்தார் என்று சொல்கிறார்கள். பாவாடைக் கதையை நான் முழுவதும் நம்பவில்லை. இன்று அந்தச் சுழலின் இடத்தில் ஓர் அணை நிற்கிறது.

கடைசியாக, பின்யாவ் ரயில் நிலையம். அதன் சுவர்களில் 1937-ல் பதித்த 24 பீங்கான் ஓட்டு ஓவியங்கள் உள்ளன: திராட்சை கொய்யும் பெண்கள், கூடை சுமப்பவர்கள், ஆறு, படகுகள். நான் ஒவ்வொன்றாகச் சுவர் கட்டுபவனைத் தேடிக்கொண்டு போனேன். பாதியைத்தான் பார்த்திருப்பேன், அதற்குள் வண்டி கிளம்புகிறது என்று அழைத்துவிட்டார்கள்.

எனவே உன்னிடம் ஒரு விண்ணப்பம். நாங்கள் இன்னும் ஐந்து நாட்கள் இங்கே இருக்கிறோம்; நீ வெள்ளிக்கிழமை திரும்பிவிடுவதாகச் சொன்னாய். சனிக்கிழமை வழிகாட்டியும் வேனும் வேண்டாம். நகரின் நடுவே உள்ள சாவு பெந்து நிலையத்திலிருந்து பின்யாவுக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஆறு கண்ணில் படாது. அதன்பின் தண்டவாளம் தண்ணீரை ஒட்டியே ஓடுகிறதாம். போகும்போது ஆறு வலப்பக்கம் வரும். வலப்பக்கமாகப் பார்த்து மூன்று இருக்கைகள் எடுத்துவை, ஜன்னலோரம் அம்மாவுக்கு. மீதி ஓவியங்களைப் பார்க்க எனக்கு அரை மணி நேரம் போதும்.

அன்புடன்,
அப்பா