ரோமில் கைவிடப்பட்டது தொடர்பான முறைப்பாடு

டிக்கோயா, ஹட்டன்
2024 ஒக்டோபர் 2

முகாமையாளர் அவர்களுக்கு,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

2024 செப்டெம்பர் 3 முதல் 17 வரையிலான ஐரோப்பியக் குழுச் சுற்றுலா: திரும்பும் பயணம் தொடர்பாக

கடந்த மாதம் 15ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ரோமில் ஒரு ஹோட்டல் வாசலில் நானும் என் கணவரும் நான்கு பெட்டிகளோடு நின்றோம். எங்களை ஊருக்குக் கொண்டுவர வேண்டிய விமானம் மறுநாள் பிற்பகல் பாரிஸிலிருந்து புறப்பட இருந்தது. இடைப்பட்ட தூரத்தைக் கடக்க ஒரு ரயில் சீட்டோ, பஸ்ஸோ, விமானச்சீட்டோ, அன்றிரவு தங்க ஓர் அறையோ உங்கள் நிறுவனம் ஏற்பாடு செய்திருக்கவில்லை. அந்த வாசலில் நின்றபோதுதான் அது எங்களுக்குத் தெரியவந்தது.

திரும்பி வந்து நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு 19ஆம் திகதி நீங்கள் நான்கு வரியில் பதில் எழுதினீர்கள். பயணச்சீட்டில் உள்ள விபரங்களைச் சரிபார்ப்பது பயணியின் பொறுப்பு என்றும், நல்லெண்ணமாக அடுத்த சுற்றுலாவில் எங்களுக்குப் பத்தாயிரம் ரூபா கழிவு தரப்படும் என்றும் அதில் இருக்கிறது. அந்த முதல் வசனத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் சரிபார்த்தேன். சரிபார்த்து, கேட்டு, உங்கள் அலுவலகத்திடமிருந்து எழுத்தில் பதிலும் வாங்கினேன்.

நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் பதிலைப் படித்தால், எங்கள் கோப்பை யாரும் திறந்தே பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டப்புறப் பாடசாலைகளில் படிப்பித்தவள். புவியியலும் வரலாறும் என் பாடங்கள். ரைன் நதியையும் அல்ப்ஸ் மலையையும் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. ஓய்வுபெற்றதும் பணிக்கொடையில் ஒரு பங்கை ஒதுக்கி, அவற்றை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்த முடிவு அல்ல அது. மூன்று நிறுவனங்களின் பயணத் திட்டங்களை மேசையில் விரித்து வைத்து இரண்டு மாதம் ஒப்பிட்டோம். ஒன்று ஒன்பது நாளில் ஏழு நாடுகள் என்றது. அதில் பாதி நாள் பஸ் ஜன்னல்தான் என்பதால் தள்ளிவிட்டோம். இன்னொன்றில் லண்டனும் சேர்ந்திருந்தது. ஒரே வீசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வலயத்தில் பிரித்தானியா இல்லை, அதற்கு வேறாக வீசாவும் வேறாகக் கட்டணமும் வேண்டும் என்பதால் அதையும் விட்டோம். உங்களுடைய திட்டத்தில் பாரிஸ், பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசர்ன், வெனிஸ், புளோரன்ஸ், ரோம் என்று பதினொரு இரவுகள். ஒருவருக்கு 1,185,000 ரூபா. லண்டன் போகும் திட்டத்தை விட இது ஒருவருக்கு 75,000 ரூபா கூடுதல்.

அந்தக் கூடுதல் பணத்தை நாங்கள் கொடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். “ஹட்டனில் உங்கள் வீட்டு வாசலில் ஏற்றி, அதே வாசலில் கொண்டுவந்து இறக்குவோம்” என்று உங்கள் கையேட்டில் அச்சிட்டிருந்தீர்கள். என் கணவருக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலியும் நீரிழிவும் உண்டு; நாளுக்கு இரண்டு முறை இன்சுலின் போடுகிறார். மொழி தெரியாத ஊரில் ரயில் தேடி ஓட எங்களால் முடியாது என்பதால்தான் வழிகாட்டியோடு போகும் குழுச் சுற்றுலாவையே தேர்ந்தெடுத்தோம்.

ஓகஸ்ட் 28ஆம் திகதி விமானச்சீட்டின் பிரதி வாட்ஸ்அப்பில் வந்தது. போகும் வழி கொழும்பு முதல் பாரிஸ் வரை. திரும்பும் வழியும் பாரிஸ் முதல் கொழும்பு வரை. சுற்றுலா ரோமில் முடிகிறதே என்று எனக்கு உடனே உறுத்தியது. அன்று மாலையே, “திரும்பும் சீட்டில் பாரிஸ் என்று இருக்கிறது. ரோமிலிருந்து பாரிஸுக்கு எப்படிப் போவது?” என்று எழுதிக் கேட்டேன். உங்கள் அலுவலர் அனுப்பிய பதில் இது: “பயப்பட வேண்டாம் மெடம். டூர் பஸ்ஸே உங்களைப் பாரிஸ் எயார்போர்ட்டில் விட்டுவிடும்.” அதன் பிரதியை இணைத்திருக்கிறேன். நீங்கள் தந்த பயணத் திட்டத்தின் கடைசி வரியும் “விமான நிலையத்திற்கு அழைத்துச் செல்லல், நாடு திரும்பல்” என்றே இருந்தது. எந்த விமான நிலையம் என்று அதில் இல்லை.

ரோமிலிருந்து பாரிஸுக்குத் தரைவழியாக ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர். ஐரோப்பாவில் பஸ் சாரதி ஒருவர் சாதாரணமாக ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். இதைச் சுற்றுலாவின் இரண்டாம் நாளே எங்கள் பஸ் சாரதி சொன்னார். எட்டு நாள் வழியெங்கும் இரவு தங்கித் தங்கி வந்த தூரத்தை ஒரே பகலில் அந்த பஸ் திரும்ப ஓடாது என்பது, வரைபடத்தை ஒரு முறை பார்த்தவருக்கும் தெரியும். இதே தொழிலைச் செய்யும் உங்கள் அலுவலகத்தில் யாரும் அதை யோசிக்காமல் அந்தப் பதிலை அனுப்பியிருக்கிறார்கள். நம்பியது என் பிழை என்று இப்போது சொல்கிறீர்கள்.

சுற்றுலாவை நடத்தியது உங்கள் நிறுவனமல்ல, அங்குள்ள வேறொரு நிறுவனம் என்பதும் அங்கு போன பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸில் முப்பத்துநான்கு பேர். பெரும்பாலானவர்கள் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவர்கள். இலங்கையிலிருந்து உங்கள் மூலம் வந்தவர்கள் நாங்கள் இருவரும் கண்டியைச் சேர்ந்த ஒரு தம்பதியும் மட்டுமே. அவர்கள் மிலானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்த நிறுவனத்தின் வழிகாட்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ் மலையில் 3,020 மீற்றர் உயரத்தில் கேபிள் கார் எங்களை இறக்கியபோது, மூச்சு வாங்கிய என் கணவரின் கையைப் பிடித்து அவர்தான் பனிக்கு அருகே நடத்திப் போனார். நம் நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர். அதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்த உயரத்தில் நின்ற பத்து நிமிடம் வாழ்நாளுக்குப் போதும். கொத்தார்ட் மலையைக் குடைந்த பதினேழு கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் பஸ் போய்க்கொண்டே இருந்தபோது, ஹட்டன் ரயில் பாதையிலுள்ள எங்கள் சிங்கமலைச் சுரங்கத்தை நினைத்துக்கொண்டோம். இவற்றை நான் மறுக்கவில்லை. நல்லபடியாக நடந்த ஒன்றைக் கடைசி நாளில் கெடுத்தீர்கள் என்பதே என் முறைப்பாடு.

அந்த ஞாயிறு காலையில், தன்னிடமுள்ள திட்டத்தில் சுற்றுலா ரோமில் காலை உணவோடு முடிகிறது என்று வழிகாட்டி காட்டினார். உங்கள் அவசரத் தொலைபேசி இலக்கத்துக்கு பதினொரு முறை அழைத்தேன். கொழும்பில் அப்போது பகல் பன்னிரண்டரை. ஒருவரும் எடுக்கவில்லை. ஞாயிறு விடுமுறை, திங்கள் மீலாத் விடுமுறை, செவ்வாய் பௌர்ணமிப் போயா விடுமுறை. உங்கள் அலுவலகம் மூடியிருந்த மூன்று நாட்களில்தான் எங்கள் திரும்பும் பயணம் அமைந்திருந்தது. வீசாவுக்காக எடுத்த காப்புறுதி நிறுவனத்துக்கும் அழைத்தோம். நோயும் விபத்தும் அவர்கள் பொறுப்பு, இது அல்ல என்றார்கள்.

ரோமின் தெர்மினி நிலையத்தில் ரயிலுக்கு விசாரித்தோம். மிலானிலிருந்து பாரிஸுக்கு நேராக ஓடும் ரயில்கள், 2023 ஓகஸ்டில் பிரான்ஸ் எல்லைப் பக்கம் மண்சரிந்து பாதை மூடப்பட்டதால் ஓடவில்லை என்றார்கள். மண்சரிவென்றால் ரயில் நிற்கும் என்பதை மலைநாட்டாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விமான நிலையத்துக்குப் போனோம். எங்கள் சீட்டுக்குரிய விமான சேவை ரோமிலிருந்தும் பறக்கிறது. ஆனால் சீட்டை வழங்கிய முகவர்தான் அதை மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த முகவர் நீங்கள்.

பாரிஸில் இறங்கி ரோமில் ஏறும்படி ஒரே சீட்டாக வாங்கலாம். பல நகரச் சுற்றுலாக்களுக்கு அப்படித்தான் வாங்குவார்கள் என்பதை அந்த விமான சேவையின் மேசையில் இருந்த பெண் எனக்கு விளக்கினார். அதை உங்களிடமிருந்து அல்லவா நான் அறிந்திருக்க வேண்டும்?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீசாவில் தங்க அனுமதித்த நாட்கள் பதின்மூன்று. வந்திறங்கிய நாளும் வெளியேறும் நாளும் அதில் சேரும். செப்டெம்பர் 16 பதின்மூன்றாம் நாள். அன்று விமானத்தைத் தவறவிட்டால், மறுநாள் நாங்கள் அனுமதியின்றி அந்நிய நாட்டில் இருப்பவர்கள். என் தாய் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர். பிறந்து, கொழுந்து பறித்து, பிள்ளை பெற்ற மண்ணில் அவருக்குப் பிரஜாவுரிமை 1988ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே கிடைத்தது. அந்தப் பத்திரத்தைக் கசங்காமல் துணியில் சுற்றி வைத்திருந்தார். அப்படிப்பட்டவருடைய மகளின் கடவுச்சீட்டில், அனுமதி மீறித் தங்கியவள் என்ற பதிவு விழுந்துவிடுமோ என்று அன்று முழுவதும் எனக்கு நெஞ்சு பதறியது. உங்களுக்கு இது ஒரு சீட்டில் நேர்ந்த தவறாக இருக்கலாம். எங்கள் குடும்பத்தில் இந்த வகைப் பயத்துக்கு வயது அதிகம்.

கடைசியில் பஸ்ஸில் எங்களோடு வந்த, ரொறன்ரோவில் வாழும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் தன் கடனட்டையில் எங்களுக்கு இரவு விமானத்தில் இடம் பிடித்துத் தந்தார். அவருடைய பணத்தை ஊர் வந்த மறுவாரம் அனுப்பினோம். அந்த விமானம் இறங்கியது பாரிஸின் தெற்கே உள்ள ஓர்லியில். எங்கள் விமானம் வடக்கே உள்ள சார்ல்ஸ் டி கோல் நிலையத்தில். நள்ளிரவுக்குச் சற்று முன் டாக்ஸி பிடித்து நகரைக் கடந்தோம். மீதி இரவை இரும்பு நாற்காலிகளில் கழித்தோம். இன்சுலினைக் குளிராக வைக்க, கடையில் வாங்கிய குளிர்நீர்ப் போத்தல்களை மாற்றி மாற்றிச் சுற்றி வைத்தேன். என் கணவர் விடியும்வரை ஒன்றும் பேசவில்லை.

செப்டெம்பர் 17 காலை கட்டுநாயக்கவில் உங்கள் வாகனம் சரியான நேரத்துக்கு வந்து நின்றது. கித்துல்கல, கினிகத்தேனை வழியாக எங்களை வீட்டு வாசலிலேயே இறக்கினார் அந்தச் சாரதி. வீங்கிய காலோடு இருந்த என் கணவருக்காக வழியில் மூன்று இடத்தில் நிறுத்தினார். அவரைப் பாராட்டி ஒரு வரி நிறுவனத்தில் பதியுங்கள்.

நாங்கள் கையிலிருந்து செலவழித்தது இவ்வளவு: இரண்டு விமானச்சீட்டு 396 யூரோ, பெட்டிகளுக்கான கட்டணம் 110 யூரோ, தெர்மினியிலிருந்து விமான நிலையத்துக்கு ரயில் 28 யூரோ, பாரிஸில் டாக்ஸி 118 யூரோ, உணவும் நீரும் 31 யூரோ. மொத்தம் 683 யூரோ. பற்றுச்சீட்டுகளின் பிரதிகள் இணைப்பில் உள்ளன. இந்தத் தொகை முழுவதையும், நாங்கள் செலவழித்த நாளின் மாற்று விகிதத்தில் ரூபாவாகத் திருப்பித் தர வேண்டும். அடுத்த சுற்றுலாவில் கழிவு எனக்கு வேண்டாம்.

பணத்தோடு முடியும் விடயமும் அல்ல இது. தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள், நான் சொன்னதைக் கேட்டு, உங்களுடைய அடுத்த ஏப்ரல் குழுவுக்கு முற்பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் மாணவி. வயதான மாமியாரையும் அழைத்துப் போகிறாள். அவர்களுக்குக் கொடுத்த திட்டத்திலும் கடைசி வரி அதே வரிதான், வாங்கிப் பார்த்தேன். எந்த நகரில், எந்த விமான நிலையத்தில், எத்தனை மணிக்கு ஏற வேண்டும், ஹோட்டலிலிருந்து அங்கே கொண்டுபோவது யார் என்பதை அந்த வரியில் எழுதி, திருத்திய பிரதியை முற்பணம் கட்டிய அனைவருக்கும் அனுப்புங்கள். குழு வெளிநாட்டில் இருக்கும் நாட்களில், விடுமுறையானாலும் போயாவானாலும், தொலைபேசியை எடுக்க ஒருவர் இருக்க வேண்டும். எனக்கு ஓகஸ்ட் 28ஆம் திகதி தரப்பட்ட பதில் தவறானது என்பதையும் உங்கள் கையொப்பத்தோடு எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. இந்தக் கடிதம் கிடைத்து பதினான்கு நாட்களுக்குள் பதில் வராவிட்டால், இதே இணைப்புகளோடு அந்த அதிகாரசபைக்கும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைக்கும் முறைப்பாடு செய்வேன். அதற்குரிய கடிதங்களையும் எழுதி வைத்துவிட்டேன்.

பேச வேண்டுமானால் முற்பகலில் அழையுங்கள். பிற்பகலில் மழை பிடித்தால் எங்கள் பக்கம் தொலைபேசி இணைப்பு நிற்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, டிக்கோயா

இணைப்பு: பயண ஒப்பந்தம், விமானச்சீட்டு, ஓகஸ்ட் 28 வாட்ஸ்அப் உரையாடல், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகள்.