அம்மிணிக்கு, பிக்கப்பில் இன்வெர்ட்டர் மாட்டுவது பற்றி

நாமக்கல்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. பிக்கப் பேட்டரியில் டிரில் ஓட்ட இன்வெர்ட்டர் மாட்டுவது பற்றி நேற்று நீ போனில் கேட்டபோது கடை வாசலில் ஒரு லாரிக்கு ஹார்ன் பார்த்துக்கொண்டிருந்தேன், நான் சொன்னதில் பாதி உன் காதில் விழுந்திருக்காது. வயர் கணக்கைப் போனில் சொன்னால் 35 என்பது 25 ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை சொல்கிற மாதிரி சிகரெட் லைட்டர் பாயிண்டில் சொருகி வேலை ஆகாது. அந்த லைனுக்குப் பெரும்பாலும் 10, 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். போன், லேப்டாப்புக்குச் சரி. டிரில்லைப் போட்டால் ஃபியூஸ் போகும், ஃபியூஸைப் பெரிதாக்கினால் வயர் போகும். அவரிடம் பக்குவமாகச் சொல்.

நீங்கள் வாங்கியிருக்கும் இன்வெர்ட்டர் 1,000 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 83 ஆம்பியர். இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் தின்னும், ஆக முழு லோடில் 95 என்று வைத்துக்கொள். பேட்டரி பானெட்டுக்குள், இன்வெர்ட்டர் சீட்டுக்குப் பின்னால். 3 மீட்டர் போக, 3 மீட்டர் வர. இதற்கு 6 ஸ்கொயர் (சதுர மி.மீ. கனம்) வயர் போட்டால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே கரைந்துவிடும், கிட்டத்தட்ட 150 வாட் சூடாக. நம் வீட்டுப் பழைய குண்டு பல்பு 100 வாட்தான், அதைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்டவள் நீ. 35 ஸ்கொயர் செம்பு வயர் போட்டால் இழப்பு கால் வோல்ட் சுமார்தான். கடைக்காரர் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதைச் சல்லிசாகத் தருவார், நுனியைச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் ஃபியூஸ். கடையில் ஆணியில் கருகிய வயர்த் துண்டு ஒன்று தொங்குமே, எதற்கு இந்தக் குப்பை என்று கேட்பாய். நீ பிறப்பதற்கு முன் ஒரு லாரிக்கு நான் இழுத்த வயர் அது. மறுநாள் வந்து ஃபியூஸ் போடலாம் என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரியே தகட்டு ஓட்டையின் விளிம்பில் உரசி உரசித் தோல் கிழிந்து பாடியில் ஷார்ட் ஆகிவிட்டது. கிளீனர் பையன் ஓடிப்போய் டெர்மினலைப் பிடுங்கியதால் வண்டி தப்பியது. தப்பு முழுக்க என்னுடையது. அதனால் 150 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் மாட்டு. இன்வெர்ட்டர் பக்கம் மாட்டினால் நடுவில் உள்ள 3 மீட்டருக்குக் காவல் யார்? தகடு வழியாக வயர் வருகிற ஓட்டைக்கு ரப்பர் வளையம் கட்டாயம்.

மைனஸையும் பேட்டரிக்கே தனி வயராகக் கொண்டு போ. வயர் நுனியில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது (நானே ரொம்ப நாள் அப்படி அடித்தவன்தான்). லக்கை வயரோடு நசுக்கிப் பிடிக்கவைக்கும் ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி மேலே ஸ்லீவ் போட வேண்டும். டிரில்லை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு எல்லாவற்றையும் ஆஃப் செய்து லக்கைத் தொட்டுப் பார். ஒரு லக் மட்டும் சுட்டால் அதைத் திரும்பப் போடு.

ஸ்பேனரைத் தொடும் முன் வளையல், மோதிரம் எல்லாம் கழற்று. என் மோதிர விரல் தழும்பு எப்படி வந்தது என்று உன் அம்மா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். கடைசி முனை தொடும்போது பட்டென்று ஒரு பொறி வரும். இன்வெர்ட்டருக்குள்ளே கரண்டைத் தேக்கும் கண்டென்சர் நிரம்புகிறது, அவ்வளவுதான். கையை உதறாதே. ஆனால் பிளஸ் மைனஸ் மாறினால் இன்வெர்ட்டர் அந்த நொடியே போச்சு.

அலுமினியம் அறுக்கும் பெரிய கட்டிங் மெஷினை இதில் போட ஆசைப்படாதீர்கள். அது 1,600 வாட்டுக்கு மேல், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். டிரில், கை கிரைண்டர் போதும், அதுவும் என்ஜினை ஓடவிட்டு. டைனமோவில் எழுதியிருக்கும் ஆம்பியர் ஐட்லிங்கில் முழுசாக வராது, கொஞ்சம் ரேஸ் கொடுத்து வையுங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு வேலை செய்தால் இடையிடையே மீட்டர் வைத்துப் பார். லோடு இல்லாதபோது 12.2 காட்டினால் பாதி பேட்டரி காலி, நிறுத்திவிடு. இன்வெர்ட்டர் தானாகக் கட் ஆகிற 10.5 வரை போனால் செல்ஃப் எடுக்காது. ஈ.பி. லைன் வராத புதுக் கட்டட வாசலில் யார் வந்து தள்ளுவது?

வயரும் லக்கும் ஓசூரில் தேட வேண்டாம், நானே இங்கே கிரிம்ப் செய்து லாரி பார்சலில் அனுப்புகிறேன். வெட்டுவதற்கு முன் அளவு வேண்டும். டேப்பால் நேராக அளக்காதே. துணிக் கயிறு ஒன்றை எடுத்து வயர் போகிற வழியிலேயே வளைத்து வளைத்துக் கொண்டு போ, சைலன்சர் பக்கம் மட்டும் வேண்டாம். பேட்டரியிலிருந்து சீட்டுக்குப் பின்னால் வரை. அந்தக் கயிற்றை அளந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்.

அப்பா

பி.கு. பார்சலில் அம்மா கொள்ளுப் பொடியும் வைக்கிறாளாம். பிரிக்கும்போது கத்தியை ஆழமாக விடாதே.