‘கே.டி.’ தலைக்கூத்தல் படம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சின்ன பட்ஜெட் தமிழ்ப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மதுமிதா இயக்கி 2019 நவம்பரில் வந்த ‘கே.டி. (எ) கருப்புதுரை’யை அதில் சேர்த்திருந்தது சந்தோஷம். ஆனால் ‘தலைக்கூத்தல் கொடுமையைச் சொல்லும் படம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் விருதுநகர் மாவட்டக் கிராமங்களில் 31 வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தலைக்கூத்தல் என்றால் படுக்கையில் விழுந்த முதியவர்களை வீட்டாரே சாகடிப்பது. அந்தச் சொல்லைப் பத்திரிகைகளில் பார்ப்பதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். ஊர்ப் பெண்கள் “தலைக்கு ஊத்திட்டாங்க” என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுப்பார்கள். படுக்கையில் கிடக்கும் கிழ உடம்பு தாங்காது. இரண்டு நாள் கழித்து நான் அந்தத் தெருவுக்குப் போகும்போது வாசலில் பந்தல் போட்டிருக்கும். “வயசுதானே நர்சம்மா” என்பார்கள். ரெஜிஸ்டரில் மூப்பு என்றுதான் ஏறும்.

அந்தக் கொடுமையைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. மூன்று மாதம் நினைவில்லாமல் கிடந்த பெரியவர் கண் விழிக்கிறார். தன்னை என்ன செய்வது என்று வீட்டார் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. எழுந்து வெளியேறிவிடுகிறார். அதற்கப்புறம் படம் அவருக்கும் கோயிலில் வளரும் குட்டி என்ற பையனுக்கும் சொந்தம். எண்பது வயதுக்காரருக்குப் பேரனைவிடச் சின்ன பையன் சிநேகிதன் ஆகிறான். அவரைத் தாத்தா என்றுகூடக் கூப்பிடாமல் ‘கே.டி.’ என்று கூப்பிடுகிறான். உங்களுக்கு என்னென்ன ஆசை என்று கேட்டு, பத்து ஆசைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றி வைக்கிறான். பிரியாணி என்றால் அந்தப் பெரியவருக்கு உயிர். அவர் பிரியாணி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நான் அந்தப் படத்தைப் பார்த்த அன்று ராத்திரி தூங்கவில்லை. காரணம் தலைக்கூத்தல் இல்லை. அதை நான் நேரிலேயே பார்த்தவள். ‘உனக்கு என்ன ஆசை?’ என்ற அந்தக் கேள்விதான் தூங்க விடவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை பெரியவர்களின் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பேன்! சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெளிக்குப் போனீங்களா, முதுகில் புண் இருக்கா. இவ்வளவும் கேட்டிருக்கிறேன். என்ன வேணும் என்று ஒருவரிடமும் கேட்டதாக நினைவில்லை.

கேட்ட ஒருவனை எனக்குத் தெரியும். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பெரியவரை மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பையன் மூணாங்கிளாஸ். வீட்டில் சத்தம் போட்டுப் படித்தால் கைக்குழந்தை எழுந்துவிடும் என்று அவன் அம்மா துரத்திவிட, தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இந்தச் சாய்ப்புக்கு வந்துவிடுவான். பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பையன் தடுமாறுகிற இடத்தில் “மறுபடி சொல்லு” என்பார். அவன் மறுபடி சொல்லுவான்.

ஒருநாள் நான் புண்ணுக்கு மருந்து கட்டப் போயிருந்தேன். கட்டிலடியில் ஒரு டம்ளரில் டீ, அதில் காராச்சேவு ஊறிக்கொண்டிருந்தது. “இதெல்லாம் யார் கொடுத்தது, வயித்துக்கு ஆகாதே” என்று சத்தம் போட்டேன். பையன்தான் பதில் சொன்னான். “தாத்தாவுக்கு சேவு திங்க ஆசையாம். பல்லு இல்லைல, அதான் ஊறப் போட்டிருக்கேன்.” பெரியவர் என்னைப் பார்க்கவே இல்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் இரண்டு பொங்கல் பார்த்தார். மருந்துக்கட்டும் காரணமாக இருக்கும். ஆனால் சாயங்காலம் நாலு மணி ஆனால் தெருப்பக்கம் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு அவர் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மதுமிதாவின் படம் அந்தச் சாய்ப்பை எனக்குத் திருப்பிக் காட்டியது. கே.டி.யையும் குட்டியையும் வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் அவர்களுடைய சொந்தங்கள்தான். ஒருவரை அவர் பெற்ற பிள்ளைகள், இன்னொருவனை அவனைப் பெற்றவர்கள். இதைப் படம் அழவைத்துச் சொல்லவில்லை. அவர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், கிண்டல் செய்துகொள்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். கருப்புதுரையாக வரும் மு. ராமசாமி சினிமாவுக்கு வெளியே நவீன நாடகத்தில் பல காலம் உழைத்தவர், ‘நிஜ நாடக இயக்க’த்தை நடத்தியவர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர். ‘ஜோக்கர்’ படத்தில் பொன்னூஞ்சலாக வந்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவருக்கு ஈடுகொடுத்து நடித்திருக்கிறான் நாக விஷால். 67-வது தேசிய விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திர விருது அவனுக்குத்தான். அதே பட்டியலில் தனுஷும் விஜய் சேதுபதியும் இருந்ததால் எங்கள் வீட்டுக்கு வரும் பேப்பரில் பையனின் பெயர் கடைசி வரியில் கிடந்தது. எனக்கு அது மனக்குறைதான்.

படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. பெரியவரின் வீட்டாரைச் சொத்து ஆசை பிடித்தவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிப்பட்ட வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் போன பல வீடுகளில் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆபீசுக்கோ விடியற்காலையில் வேலைக்குப் போய், திரும்பி வந்து மாமனாரைப் புரட்டிப் போட்டுத் துணி மாற்றிய மருமகள்கள் இருந்தார்கள். புருஷன்மார் கிட்டேகூட வரமாட்டார்கள். அந்தப் பெண்களின் முதுகுவலிக்கும் நான்தான் மாத்திரை கொடுத்தேன். அவர்களில் ஒருத்தியையாவது படம் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கலாம். இந்த விஷயத்தில் பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ படத்தையும் உங்கள் வாசகர்கள் பார்க்க வேண்டும். 2018-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. அது கனத்த படம், இது சிரிக்க வைக்கும் படம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் எங்கள் ஊர் முழுசாகத் தெரியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பராமரிக்க வேண்டியவர்களே பெரியவர்களை எங்காவது கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மூத்த குடிமக்களுக்கு உதவி கிடைக்கும். இந்த எண்ணை இதழின் ஒரு மூலையில் அவ்வப்போது போட்டால் புண்ணியமாகப் போகும். எத்தனையோ பெரியவர்களுக்கு அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது. சரி, பராமரிப்புப் பணத்துக்கு உத்தரவு வாங்கிவிடலாம். சாயங்காலம் நாலு மணிக்குப் புத்தகத்தோடு வரும் பையனை எங்கே போய்க் கேட்பது?

அதற்குத்தான் ஒரு யோசனை. அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடுகிறார்கள் அல்லவா, அந்த நாளில் ‘கே.டி.’யையும் போடலாம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு அது புரியும், பயமுறுத்தாது. அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரைக் கூட்டிவரட்டும். சொந்தத் தாத்தா பாட்டியாக இருக்க வேண்டியதில்லை, அடுத்த வீடு, எதிர் வீடு, யாராக இருந்தாலும் சரி. படம் முடிந்ததும் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம், கூட வந்தவரிடம் அவருடைய ஆசைகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். நானும் என் தங்கையும் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து இதைச் சொல்லியிருக்கிறோம். அனுமதி கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். நீங்களும் இதைப் பற்றி நாலு வரி எழுதினால் அவருக்குக் கேட்கச் சுலபமாக இருக்கும்.

அந்த மூணாங்கிளாஸ் பையன் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வந்தபோது இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன். தாத்தா கடைசியாகக் கேட்டது கோலி சோடாவாம், வாங்கித் தருவதற்குள் போய்விட்டார் என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
விருதுநகர் மாவட்டம்.